சட்டை காய்ந்தது மாடியில், உடம்பு எங்கே?

அத்தியாயம் 6

துப்பறியும் நிலையத்துக்குள் ஒரு தபால்காரர் நுழைந்தால் கடிதம் வந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நட்டுவும் அப்படி நினைத்துத்தான் கையை நீட்டினான். தபால்காரர் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

நட்டுவுக்கு முப்பத்தொரு வயது. அவன் கை பட்டு அழுதவர்கள் உண்டு. கையைப் பிடித்து அழுதவர் இவர்தான் முதல். அதிலும் நாற்பதைத் தாண்டிய மனிதர், காக்கிச் சட்டை, நரைத்த மீசை. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தன் டீயை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் அதைக் குடித்தும் விட்டார்.

நட்டு என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஒன்று கழன்றிருக்கிறது என்று அவன் அண்ணன் கண்டுபிடித்துச் சூட்டிய பட்டம். அந்த அண்ணனைக் கட்டிக்கொண்டவர்தான் நிலையத்தின் தலைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடம், "எப்படித் தீப்பிடிச்சுதுன்னு மறுபடி ஒரு தடவை சொல்லுங்க" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு பிழைத்தவர். பிறகு வேலையை உதறிவிட்டு, ஒரு இஸ்திரிக் கடையின் மாடியில் இந்த அறையைப் பிடித்தார். ஊருக்கு அவர் மேடம். நட்டுவுக்கு அண்ணி.

"மறுபடி ஒரு தடவை சொல்லுங்க" என்றார் அண்ணி. தபால்காரர் இன்னும் முதல் தடவையே சொல்லியிருக்கவில்லை.

அவர் சொன்னது இதுதான். அவரிடம் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி இருக்கிறது, அதாவது இருந்தது. அதில் அவரும் அவருடைய அக்காவும் சின்ன வயதிலிருந்து ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். ஒருவர் எலி, ஒருவர் புலி. இரண்டு பேரும் சேர்ந்து முப்பத்தொன்பது கட்டங்களைத் தாண்டி, நாற்பதாவதில் ஒரு டிராகனைக் கொல்ல வேண்டும். டிராகன் இருக்கும் கதவு, எலியும் புலியும் ஒன்றாகத் தள்ளினால்தான் திறக்கும். முப்பத்தொன்பது முடிந்த வாரத்தில் அக்காவுக்குக் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டார். நான் வந்தப்புறம்தான் டிராகன், அதுவரைக்கும் தொட்டே பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். ஆட்டம் எங்கே நின்றது என்பதை, கேசட்டுக்குள் இருக்கும் சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று இருபது வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறது.

நடுவில் தபால்காரருக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா வந்தார், ஓடி ஓடி வேலை பார்த்தார். ஆல்பம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில் அக்கா ஒரே ஒரு படத்தில் இருந்தார், அதிலும் முழங்கை மட்டும். அந்த முழங்கையை முன்வைத்து ஆரம்பித்த சண்டையில் ஏழு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம் அக்காவே போன் செய்தார். எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை. அந்த டிராகன் இன்னும் உயிரோடதானே இருக்கு என்று கேட்டார்.

இன்று மாலை ஆறு மணிக்கு வருகிறார். பெட்டி மஞ்சள் பூத்து, பொத்தான்கள் ஒட்டிக்கொண்டு கிடந்ததால், வீட்டிலேயே இந்த மாதிரிப் பெட்டிகளைச் சுத்தம் செய்து தருகிற ஒருவரிடம் ஒன்பது நாள் முன்னால் கொடுத்திருந்தார். நேற்று கேட்கப் போனால், மாடியில் காய வைத்திருந்தேன், திருட்டுப் போய்விட்டது என்று அவர் சொல்கிறார்.

"அந்தப் பெட்டி இல்லன்னா, நாங்க பேசறதுக்கு அந்த ஆல்பம் மட்டும்தான் மேடம் மிச்சம்" என்றார் தபால்காரர்.

மணி பத்தேகால். அண்ணி எழுந்து செருப்பை மாட்டினார்.

பெட்டிகளைச் சுத்தம் செய்கிறவருக்குத் தெருவில் டாக்டர் என்று பெயர். அவருடைய ஆஸ்பத்திரி, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அதன்மேல் நாலைந்து கேம் பெட்டிகள் வயிறு திறந்து கிடந்தன. பல் துலக்கும் பிரஷ்கள் உயர வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. காது குடையும் பஞ்சுக் குச்சிகள், ஸ்பிரிட் பாட்டில், பள்ளிக்கூட ரப்பர், திருகாணிகள் தனித்தனிக் கிண்ணங்களில். வீட்டில் சாப்பிடுகிறவர்கள் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும் என்பது பார்த்தவுடன் புரிந்தது. சுவரோரமாகக் குழம்புத் துளி சிந்திய அடையாளங்கள் நெஞ்சு உயரத்தில் இருந்தன.

டாக்டர் நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தார். இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி. அண்ணி அதைப் பார்ப்பதைப் பார்த்து, ஈயம் பற்ற வைக்கும்போது சுட்டுக்கொண்டேன் என்று கேட்காமலேயே சொன்னார்.

நட்டு தன் பங்குக்குத் தொழில் ஞானத்தைக் காட்ட நினைத்தான். மேஜையிலிருந்த ஒரு கேசட்டை எடுத்து, அதன் வாயில் புஸ்ஸென்று ஊதினான். டாக்டர் ஏதோ குழந்தையை அடித்துவிட்ட மாதிரிப் பாய்ந்து பிடுங்கினார். ஊதினால் தூசு போவதில்லை, எச்சில்தான் போகிறது, எச்சில் பட்டால் துரு பிடிக்கிறது, உலகத்திலே செத்த கேசட்டுகளில் பாதி இப்படி வாயால் கொல்லப்பட்டவைதான் என்று ஒரு பிரசங்கமே செய்தார். ரப்பரால் மெல்லத் தேய்த்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதுதான் முறையாம். நட்டு தன் பால்யத்தை நினைத்துப் பார்த்தான். அவன் ஒரு கொலைகாரனாக வளர்ந்திருக்கிறான், அதுவும் தொடர் கொலைகாரன்.

ஒவ்வொரு வேலைக்கும் டாக்டர் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார். தபால்காரரின் சீட்டை அண்ணி கேட்டு வாங்கிப் படித்தார். பொத்தான் ஒட்டுகிறது. மஞ்சள் போகணும். உள்ளே இருக்கிறது சுத்தமா போயிடணும். கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்தது. அதை மட்டும் அவர் ரெண்டு தடவை சொன்னார் என்றார் டாக்டர். அண்ணி சீட்டைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாடிக்குப் போனார்கள். மஞ்சள் பூத்த பிளாஸ்டிக்கை வெளுக்க ஒரு வழி இருக்கிறது. அழகு நிலையத்தில் முடி வெளுக்கிற கிரீமை வாங்கி மேலே பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வெயிலில் வைத்து, மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். டாக்டர் அப்படித்தான் வைத்தாராம். முந்தாநாள் இரண்டு மணிக்குத் திருப்ப வந்தால் காணவில்லை. பக்கத்து மாடியிலிருந்து தாண்டி வந்து எடுத்துக்கொண்டு அதே வழியில் போயிருப்பான், வீட்டுக்குள்ளே வரவே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். பெட்டியோடு கேசட்டும் போச்சா என்று அண்ணி கேட்டார். முழுசாப் போச்சு மேடம், மொத்தமா, என்றார் டாக்டர்.

கீழே வந்து விடைபெறும்போதுதான் நட்டு அந்தப் பேனாவை மிதித்தான். மேஜைக்கு அடியில் கிடந்தது. மிதித்த வலியில் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே எடுத்துப் பார்த்தான். சாதாரண பிளாஸ்டிக் பேனா. உள்ளே மைக்குச்சி இல்லை. முனை உருகி, யாரோ எதிலோ அழுத்திப் பிடித்த மாதிரி, உள்பக்கம் நட்சத்திரக் குழியாக இறுகியிருந்தது. உடம்பில் ஒரு மூக்குக்கண்ணாடிப் படம் அச்சடித்திருந்தது.

டாக்டரின் முகம் அவர் வெளுக்கிற பெட்டிகளைவிட வேகமாக வெளுத்தது. என்னுது இல்லை என்றார். அது உண்மைதான் என்று தோன்றியது. திருடன் போட்டுட்டுப் போயிருப்பான் என்றார். அது அவசரமாகத் தோன்றியது.

தெருவுக்கு வந்ததும் நட்டு தன் கொள்கையை வெளியிட்டான். திருடனுக்குப் பேனாவைக் கடிக்கிற பழக்கம் இருக்கிறது, வாய் மட்டும் மிகவும் சூடு, ஆகவே அவனுக்குக் காய்ச்சல், ஆகவே மருந்துக் கடைகளில் விசாரிக்கலாம். அண்ணி அதை முழுவதும் கேட்டார். குறுக்கே பேசாமல் கேட்பது அவர் கோபத்தின் இரண்டாம் கட்டம்.

பிறகு விளக்கினார். இந்தப் பெட்டிகளையும் கேசட்டுகளையும் மூடியிருக்கிற திருகாணி வேறு தினுசு. சாதாரணத் திருப்புளிக்கு மசியாது. அதற்கென்று உள்ள திருப்புளி டாக்டரின் சாவிக்கொத்தில் தொங்குகிறது, அண்ணி பார்த்துவிட்டார். அது இல்லாதவர்கள், பேனா முனையை உருக்கி, சூடாக இருக்கும்போதே திருகாணித் தலையில் அழுத்திப் பிடித்தால், ஆறினதும் அச்சு அப்படியே விழுந்து அதுவே திருப்புளியாகிவிடும்.

"அப்போ திருப்புளி இல்லாத ஒருத்தன் எதையோ திறந்திருக்கான்" என்றான் நட்டு.

"சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து திறந்திருக்கான். வீட்டுக்குள்ளயே வராத திருடன்."

நட்டு நடந்துகொண்டே யோசித்தான். யோசிக்கும்போது அவனுக்கு நடக்க வராது என்பதால் ஒரு சைக்கிளில் இடித்துக்கொண்டான்.

"இன்னொண்ணு கேக்கறேன்" என்றார் அண்ணி. "துணி காயப் போடறோம். அந்தச் சட்டைக்குள்ள ஆள் இருப்பானா?"

"ஈரத்தோடயா? ஜலதோஷம் பிடிக்குமே."

"கிரீமைத் தடவி வெயில்ல வெச்சா உள்ள இருக்கிற போர்டு என்ன ஆகும்? கழட்டித் தனியா எடுத்து வெச்சுட்டு, வெறும் கூட்டைத்தான் மாடிக்குக் கொண்டு போவாங்க. ஒரு ஊதலுக்கே உன்னை அடிக்க வந்தவர், கேசட்டோட சேர்த்து முழுப் பெட்டிக்கும் கிரீம் தடவினாராம். மாடியில காய்ஞ்சது சட்டை. உடம்பு கீழேதான் இருந்திருக்கணும். அதை மாடித் திருடன் எப்படி எடுத்தான்?"

நட்டுவுக்கு முதுகு சிலிர்த்தது. அண்ணியை அண்ணன் எப்படித்தான் பொய் சொல்லிச் சமாளிக்கிறானோ என்று அவனுக்கு முதன்முறையாக அனுதாபம் வந்தது.

மூக்குக்கண்ணாடிப் படம் போட்ட பேனாவை எந்தக் கடையில் தருகிறார்கள் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு தெரு தள்ளிக் கண்ணாடிக் கடை ஒன்று இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் அதே பேனாக்கள் ஒரு குவளை நிறைய நின்றன. கல்லாவில் ஓர் அம்மாள் ஒரு பிரேமைச் சூட்டு மெஷினில் காட்டி வளைத்துக்கொண்டிருந்தார். பின்சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை டாக்டர், நெற்றி விளக்கு மட்டும்தான் இல்லை.

வாசல் கண்ணாடிக்குள்ளே, நல்ல வெயிலில், பளீரென்று ஒரு வெள்ளை மேடை. அதன்மேல் ஏழு குளிர்கண்ணாடிகள் வரிசையாக. நட்டு அதிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு தன் அழகைப் பார்த்தான். மேடை அருமையா இருக்கு அண்ணி, நம்ம ஆபீஸுக்கு ஒண்ணு வாங்கலாம் என்றான்.

"அதுல கேசட் சொருகற வாய் இருக்கு பாரு" என்று அண்ணி அவன் காதோடு சொன்னார்.

நட்டு கண்ணாடியை மெல்லக் கழற்றி வைத்தான்.

அண்ணி, இவனுக்குக் கண் பரிசோதனை என்றார். அந்த அம்மாள், சோதனை அறையில் மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க என்றார். அவருடைய இடது கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி இருந்தது. உள்ளே, திரைக்குப் பின்னால், ஏதோ மாடிப்படியில் உருண்டு விழுகிற மாதிரி ஏழு சின்ன ஓசைகள் வரிசையாக இறங்கின. அந்த அம்மாள் இருமினார். இருமல் ஓசைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

பரவாயில்லை, இங்கேயே பாருங்கள் என்று அண்ணி விடவில்லை. சுவரில் இருந்த எழுத்துப் பலகையை நட்டு படித்தான். நேரம் கடத்தத் தடுமாறுகிற மாதிரி நடிக்க வேண்டும் என்பது திட்டம். மூன்றாவது வரி வரைக்கும் நடித்தான். நாலாவது வரியில் நடிப்பு தேவைப்படவில்லை.

"இவருக்கு ரொம்ப வருஷமாவே தூரப் பார்வை சரியில்லையே" என்றார் அந்த அம்மாள், உண்மையான கவலையோடு. "என்ன வேலை பார்க்கறார்?"

"தடயம் தேடறேன்" என்றான் நட்டு.

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தார். கடந்த ஆறு வருடத்து வழக்குகள் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் விளங்கிக்கொண்டிருந்தன. பிறகு நாலே எட்டில் போய்த் திரையை விலக்கினார்.

இருட்டறையில், கண் சோதிக்கிற உயர நாற்காலியில், டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டரில் பின்வாசல் வழியாக அவர்களுக்கு முன்னால் வந்திருக்கிறார். எதிரே ஒரு குண்டுத் தொலைக்காட்சி. லென்ஸ் தட்டில் சட்டையில்லாமல், வெறும் பச்சைப் போர்டாக, தபால்காரரின் பெட்டி. டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஆனால் கட்டைவிரல் நிற்கவில்லை.

"புருஷன் பொண்டாட்டிக்கு மனசு ஒத்துப்போகலாம்" என்றார் அண்ணி. "கொப்புளம் ஒத்துப்போகுமா? திசைப் பொத்தான் இடது கட்டைவிரலுக்குத்தானே?"

அந்த அம்மாள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்டாதீங்க, தப்பு என்னுது என்று ஆரம்பித்தார்.

கேசட்டின் பேட்டரி சாகக் கிடந்தது. சும்மா மாற்றினால் ஞாபகம் அழிந்துவிடும் என்று டாக்டருக்குத் தெரியும். மாற்றுகிற அந்த நேரம் வரைக்கும் இன்னொரு பேட்டரியைப் பக்கத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். கை தவறக் கூடாதே என்று, உதவாத நாலு கேசட்டுகளில் அதைப் பழகிக்கொண்டிருந்தார். மூன்று நாளாகப் பழகினார். மனைவிக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. தபால்காரர் கதையைக் கேட்டு மனசு வேறு கரைந்திருந்தது. டாக்டர் சாவிக்கொத்தோடு கிரீம் வாங்கப் போன நேரத்தில், கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பேனாவை உருக்கித் திறந்து, கண்ணாடி பிரேமுக்கு ஈயம் வைக்கிற கைதானே என்று, புது பேட்டரியை இரண்டே நிமிடத்தில் வைத்து மூடிவிட்டார்.

"சுவர்க் கடிகாரத்துல பேட்டரி மாத்தினா, அது என்ன பழசை எல்லாமா மறந்துடுது?" என்றார் அந்த அம்மாள். குரல் உடைந்திருந்தது.

போட்டுப் பார்த்தால் ஆட்டம் வெறுமை. அன்றிலிருந்து ஆறு நாளாக இரண்டு பேரும் சேர்ந்து முதலிலிருந்து ஆடி, விட்ட இடத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். தபால்காரர் கேட்டு வந்துவிட்டதால் திருட்டுக் கதை. இன்று ஆறு மணிக்குள் முடித்துவிட்டால், கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். இப்போது முப்பத்தாறாவது கட்டம். சாப்பாட்டு மேஜையைத் தவிர வேறெதைப் பற்றியும் ஒரு வருடமாகப் பேசாத தம்பதி, ஆறு நாளாகக் குதி, என் பின்னாடி வா, நான் பார்த்துக்கறேன் என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அந்தப் பேச்சிலேயே வெளிவந்தது.

அண்ணி, நாம எதையும் பார்க்கல, எனக்குப் பார்வையே கிடையாதுன்னு கடைக்காரம்மா சர்டிபிகேட்டே குடுத்துட்டாங்க, ஆறு மணி வரைக்கும் விட்டுடலாம் என்று நட்டு கெஞ்சினான்.

அண்ணி தம்பதியின் பக்கம் திரும்பினார். எந்த இடத்தில் விட்டிருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

பழைய பவரை எழுதிக்கொள்ளாமல் யாருடைய கண்ணாடியையும் தொடுவதில்லை என்பது அந்த அம்மாளின் தொழில் ஒழுக்கம். கேசட்டைத் திறக்கும் முன் ஒருமுறை போட்டுப் பார்த்து, திரையில் இருந்ததைப் பவர் எழுதுகிற சீட்டிலேயே எழுதியிருந்தார். வலது, எலி, நாற்பது. இடது, புலி, நாற்பது. மேலே பூ ஒன்று.

அண்ணி அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டர், இந்த ஆட்டத்துல பூ எங்க வரும்?"

பூவே கிடையாது மேடம் என்றார் டாக்டர். ஆறு நாளாக ஆடுகிறோம், ஒரு செடிகூட இல்லை. சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மனைவியிடம் பேனாவை வாங்கி, சீட்டின் ஓரத்தில் மூன்று முனை வைத்து ஒரு படம் போட்டு, இப்படியா இருந்தது என்று கேட்டார். அந்த அம்மாள் கூர்ந்து பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரி கண்ணாடி போட்டால் வியாபாரம் கெட்டுவிடும் என்று அவர் போடுவதில்லை. பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"அது பூ இல்லடி. கிரீடம்" என்றார் டாக்டர். "டிராகனைக் கொன்னாத்தான் வரும்."

திரையில் எலியும் புலியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு மூச்சுவிட்டன.

அண்ணி கைப்பையிலிருந்து டாக்டரின் வேலைச் சீட்டை எடுத்து, இந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே இருக்கிறது சுத்தமா போயிடணும்.

"தபால்காரர் அழுக்கைச் சொல்லல" என்றார். "ஞாபகத்தைச் சொல்லியிருக்கார். வாயைத் திறந்து கேக்க வெக்கம். நீங்க என்னடான்னா அழுக்கு போகணும், ஞாபகம் போகக் கூடாதுன்னு உசிரை விட்டிருக்கீங்க. கொப்புளம் வர ஆடி, அந்த மனுஷன் மறைக்க நினைச்சதை மறுபடி செஞ்சு குடுக்கப் போறீங்க."

டாக்டர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். ஆறு நாளில் முதல் முறை என்று அவர் மனைவி சொன்னார்.

போன் போட்டதும் தபால்காரர் ஐந்து மணிக்கு வந்து நின்றார். பையில் இன்னும் பட்டுவாடா ஆகாத கடிதங்கள் இருந்தன. பெட்டி கிடைத்துவிட்டது என்றார் அண்ணி. தபால்காரர் கைகூப்பினார். ஆனால் உள்ளே இருந்த ஞாபகம் அழிந்துவிட்டது என்று அண்ணி தொடர்ந்தார். தபால்காரரின் முகம் வாட வேண்டிய இடம் அது. ஒரு கணம் அதில் பரீட்சை ஒத்திப்போனவனின் வெளிச்சம் அடித்துவிட்டுப் போனது. நட்டுவின் நாலாவது வரிக் கண்ணுக்கே தெரிந்தது.

அதற்குப்பின் அவரால் மறைக்க முடியவில்லை. உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தரைக்கு எட்டாத காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஆமாம் என்றார். ஆல்பச் சண்டை நடந்த அன்றைக்கே, வீம்புக்கு, தனியாக உட்கார்ந்து முடித்துவிட்டார். முடித்த அன்றே பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். ஏழு வருடமாக அந்தப் பெட்டியைத் தொடவில்லை. போன மாதம் அக்கா கேட்டபோது, உயிரோடதான் இருக்கு என்று சொல்லிவிட்டார். தானே அழிக்கலாம் என்றால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் முதலில் அந்தக் கிரீடம்தான் கண்ணில் படும். அதைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை.

டாக்டரின் மனைவி, நாங்க சொல்ல மாட்டோம் சார், பேட்டரி மாத்தினப்போ அழிஞ்சு போச்சு, அது உண்மைதானே, பழியை நான் எடுத்துக்கறேன் என்றார். நட்டு ஆவலோடு அண்ணியைப் பார்த்தான்.

"மெஷினுக்கு மறந்துடுச்சு" என்றார் அண்ணி. "உங்களுக்கு மறக்கலியே. என் வேலை பெட்டியைக் கண்டுபிடிக்கறது. அது முடிஞ்சுது. மத்தது உங்க இஷ்டம்."

தபால்காரர் போனை எடுத்து, வீட்டுக்கு வேண்டாம், கண்ணாடிக் கடைக்கு வா என்று விலாசம் சொன்னார்.

ஆறேகாலுக்கு ஒரு டாக்சியிலிருந்து அக்கா இறங்கினார். சின்ன உருவம், பெரிய பெட்டி, அதைவிடப் பெரிய குரல். டிரைவரோடு பேசிக்கொண்டே வந்தவர் தம்பியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஏழு வருடம் நடுவில் நின்றது. கடைசியில் தம்பி பெட்டியை வாங்கிக்கொண்டார். திரைக்கு உள்ளே கூட்டிப்போய், நின்றபடியே, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சத்தியம், வீம்பு, கிரீடம், போனில் சொன்ன பொய், எல்லாம். மற்ற நாலு பேரும் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, கேட்கவில்லை என்று பாவனை செய்தார்கள். டாக்டரின் மனைவி துடைத்த கண்ணாடியையே துடைத்தார்.

அக்காவின் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"கதவை ரெண்டு பேர் தள்ளணுமே. என் கன்ட்ரோலரை யாருடா பிடிச்சது?"

"கால் கட்டைவிரல்."

"யாரோட கால்?"

"என்னோடதுதான். வேற யாரைக் கூப்பிடறது."

"கழுவினியா?"

"காலையா?"

"கன்ட்ரோலரை."

"கழுவினேன்க்கா. அன்னிக்கே."

திரைக்கு இந்தப் பக்கம் நட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அண்ணி அவன் காலை மிதித்தார்.

"டிராகனோட சண்டையில என் புலி செத்துச்சா?" என்று அக்கா கேட்டார். இதை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.



"ஒரு தடவைகூடச் சாகல. அதை ஓரமா நிறுத்திட்டு, முன்னாடி எலியை விட்டேன். எலிதான் பதினொரு தடவை செத்துது."

அக்கா மூக்கை உறிஞ்சினார். அது அழுகையா ஜலதோஷமா என்று திரை வழியாகத் தெரியவில்லை. பிறகு நாற்காலி நகர்கிற சத்தம். டாக்டர் பொறுக்க முடியாமல் திரையை ஒதுக்கி, முப்பத்தாறு கட்டம் ஆடி வெச்சிருக்கோம்மா, அதிலிருந்தே தொடரலாம் என்று பணிவோடு சொன்னார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். யாரோ ஆடின முப்பத்தாறு எனக்கு எதுக்கு என்று கேட்டுவிட்டு, இடது பக்கக் கன்ட்ரோலரை எடுத்துப் புடவைத் தலைப்பில் இரண்டு முறை துடைத்தார். ஒரே நாற்காலியில் தம்பியை இடுப்பால் இடித்து நகர்த்தி, பாதி இடம் பிடித்து உட்கார்ந்தார்.

"புது ஆட்டம் போடு" என்றார், திரையைவிட்டுக் கண் எடுக்காமல். "சீக்கிரம்டா. எனக்கு மூணு வாரம்தான் லீவு."